கடல்தான் எங்களைக் காப்பாற்றியதா? இலங்கையும் கொரோனாவும்

2024 ஜூலை 23. ஒரு வாசகரின் கேள்வி

நாலு பக்கமும் கடல். 2020 மார்ச்சில் விமான நிலையத்தைப் பூட்டினார்கள், இராணுவம் பொறுப்பெடுத்தது, நாடு தப்பியது. அந்த வருட முடிவில் மொத்தச் சாவே இருநூறு சொச்சம்தான். பெரிய பெரிய நாடுகள் செய்ய முடியாததை இந்தச் சின்னத் தீவு செய்தது. அதைப் பாராட்டாமல், கொரோனாவில் இறந்தவர்களைக் கட்டாயமாக எரித்ததற்கென்று இன்றைக்கு அமைச்சரவை மன்னிப்புக் கேட்கிறதாம். எதற்கு?

2024 ஜூலை 24

நான் அந்த நாட்களில் யாழ்ப்பாணத் தீவகத்தில் சமுர்த்தி, அதாவது அரசாங்கத்தின் வறுமை நிவாரணத் திட்ட, உத்தியோகத்தராக இருந்தேன். பார்த்ததை எழுதுகிறேன்.

கடல் எதையும் தடுக்கவில்லை. முதல் நோயாளி 2020 ஜனவரி 27 அன்றே கண்டறியப்பட்டார். சீனாவிலிருந்து வந்த சுற்றுலாப் பயணி, அங்கொடை தொற்றுநோய் வைத்தியசாலையில் வைத்துக் குணமாக்கி அனுப்பினார்கள். பெப்ரவரி 1 அன்று வுஹானிலிருந்து 33 மாணவர்களை விமானத்தில் ஏற்றி வந்து தியத்தலாவையில் தனியாக வைத்தார்கள். உள்ளூர் ஆள் ஒருவருக்கு மார்ச் 11இல்தான் உறுதியானது. அவர் சுற்றுலா வழிகாட்டி. விமான நிலையம் பூட்டியது மார்ச் 19. அதே நாளில்தான் நியூசிலாந்தும் தன் எல்லையைப் பூட்டியது. ஆக, எங்கள் வாசல் திறந்திருந்த அந்தக் கிழமைகளில் நாடு என்ன செய்தது என்று பார்த்தால்தான் விஷயம் விளங்கும்.

செய்தவர்கள் பி.எச்.ஐ மார். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் என்ற அந்த மனிசன் எந்த வீட்டுக் கிணற்றில் நுளம்புக் குடம்பி இருக்கிறது என்று சொல்வார். எந்த வீட்டுப் பிள்ளைக்கு எந்த ஊசி போடவில்லை என்று குடும்பநல உத்தியோகத்தர், அதுதான் எங்கட மிட்வைஃப், கொப்பியைப் பார்க்காமலே சொல்லுவா. இது நேற்று வந்த ஏற்பாடு கிடையாது. 1926இல் களுத்துறையில் முதல் சுகாதார அலகு தொடங்கியது. அதிலிருந்து ஊர் ஊராக வளர்ந்த வலை இது. 1934-35 மலேரியாவில் ஏறக்குறைய 80,000 பேரை இழந்த நாடு, 2016இல் மலேரியா இல்லாத நாடு என்று சான்று வாங்கியது இந்த வலையால்தான். கொரோனா வந்தபோது யார் யாரோடு கதைத்தார், எந்த பஸ்ஸில் வந்தார் என்று தேடிப் பிடிக்க ஆட்களைப் புதிதாகப் பழக்கத் தேவை இருக்கவில்லை.

2024 ஜூலை 24, இரவு

மேலே இராணுவத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் எழுதவில்லை, அது சரியில்லை. தனிமைப்படுத்தல் நிலையங்களை நடத்தியது அவர்கள். ஆயிரக்கணக்கான ஆட்களுக்கு மூன்று நேரச் சாப்பாடு, படுக்கை, மருந்து. மத்திய கிழக்கிலிருந்து திரும்பிய எங்கள் ஊர்ப் பெடியன் ஒருவன் 14 நாள் இருந்துவிட்டு வந்து, தன்னை நன்றாகப் பார்த்தார்கள் என்றுதான் சொன்னான். ஆனால் பலாலியில் இருந்த நிலையத்துக்கு பஸ்ஸில் ஏற்ற வந்தபோது எங்கள் பக்கத்து அம்மாமாருக்கு வந்த நடுக்கம் கொரோனாவால் வந்தது இல்லை. சீருடை வந்து ஆளை ஏற்றிக்கொண்டு போன பழைய நாட்கள் அவர்களுக்கு மறக்கவில்லை. ஒரே பஸ்தான், தெற்கே காலி நகரத்தில் நின்றால் ஒரு மாதிரி, வடக்கே வேலணையில் நின்றால் இன்னொரு மாதிரி. நோய்த்தடுப்புச் செயலணிக்கு இராணுவத் தளபதி தலைமை தாங்கினார். தென்பகுதி நண்பர்களுக்கு அது ஏன் எங்களை உறுத்தியது என்று இன்றைக்கும் விளங்கப்படுத்த வேண்டியிருக்கிறது.

2024 ஜூலை 27

ஊரடங்கைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். மார்ச் 20 பின்னேரம் ஆறு மணிக்கு நாடு முழுக்கப் போட்டார்கள். மீறினார்கள் என்று பிடிபட்டவர்கள் அறுபதாயிரத்துக்கும் மேல். யாழ்ப்பாணம் அபாய வலயமென்று மற்ற மாவட்டங்களைவிடக் கூட நாள் பூட்டிக் கிடந்தது.

எனக்கு அந்த ஊரடங்கு என்றால் 5,000 ரூபா. வருமானம் போன குடும்பங்களுக்கு ஏப்ரலிலும் மேயிலும் கொடுத்தார்கள். சமுர்த்தி எடுக்கிறவர்கள், காத்திருப்புப் பட்டியலில் இருந்தவர்கள், முதியோர் கொடுப்பனவு எடுக்கிறவர்கள், மாற்றுத்திறனாளிகள், சிறுநீரக நோயாளிகள், அதோடு நாட்கூலிக்காரர். நானும் கிராம சேவகரும் வீடு வீடாகப் போனோம். கைச்சாத்து வாங்கிக் காசைக் கொடுத்துவிட்டு வருவது, அவ்வளவுதான் வேலை. ஆனால் கொடுக்காமல் வந்த வீடுகள்தான் எனக்கு ஞாபகம்.

ஒரு வீட்டில் புருசன் கொழும்பில் மேசன் வேலை, அங்கேயே அகப்பட்டுவிட்டான். மனிசியும் மூன்று பிள்ளைகளும் வாடகை வீட்டில். வாக்காளர் பதிவு கிளிநொச்சியில். என் பட்டியலில் பெயர் இல்லை. கிளிநொச்சியில் பெயர் இருந்தும் அங்கே போக பாஸ் இல்லை. நான் மேலே கேட்டேன், பதிவுள்ள இடத்தில்தான் எடுக்கலாம் என்றார்கள். இரண்டாம் முறை சேர்க்க முடிந்தது. முதல் முறை? பக்கத்து வீட்டு ஆச்சி தனக்கு வந்த 5,000இல் 2,000த்தை எண்ணி அந்தப் பிள்ளையின் கையில் வைத்தா. "எனக்கு ஒரு வயிறு, உனக்கு நாலு" என்றா. அந்த ஆச்சியின் பெயரில் ஒரு சதமும் அரசாங்கக் கணக்கில் உதவியாகப் பதியப்படவில்லை. நாடு எப்படிச் சமாளித்தது என்று கேட்கிறவர்கள் இதையும் கணக்கில் எடுங்கள்.

ஒரு பகிடியும் இருக்கிறது. அடையாள அட்டையின் கடைசி இலக்கத்தைப் பார்த்துத்தான் வெளியே வரலாம் என்று சட்டம் வந்தது. திங்கள் 1, 2. செவ்வாய் 3, 4. இப்படியே. பழைய அட்டையில் இலக்கத்துக்குப் பின்னால் V என்ற எழுத்து இருக்கும். எங்கள் ஊர் ஐயா ஒருவர் அந்த அட்டையைக் கொண்டுவந்து நீட்டினார்: "பிள்ளை, எனக்குக் கடைசியில வீ எல்லோ கிடக்கு. வீக்கு எந்த நாள்?" ரோட்டில் நின்ற பொலிஸ்காரரும் சிரித்துவிட்டார். அன்றைக்கு அந்த ஐயாவை விட்டுவிட்டார்கள்.

2024 ஜூலை 29

திருத்தம். அட்டை இலக்கச் சட்டம் ஊரடங்கின் தொடக்கத்தில் வந்தது போல எழுதிவிட்டேன். அது 2020 மே 11 அளவில் கொழும்பு போன்ற மாவட்டங்களைத் திரும்பத் திறந்தபோது வந்தது. ஐயாவின் கதை அதற்குப் பிறகு.

2024 ஓகஸ்ட் 3

"சனம் ஒத்துழைத்தது" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். ஒத்துழைத்தது உண்மை. எவ்வளவு பயத்தில் என்பதையும் சொல்ல வேண்டும்.

யாழ்ப்பாணத்தில் தொடக்கம் அரியாலை. மார்ச் 15இல் சுவிஸிலிருந்து வந்த போதகர் ஒருவர் அங்கே ஆராதனை நடத்தினார். பிறகு அவருக்குத் தொற்று என்று தெரிய வந்தது. போனவர்களைத் தேடித் தனிமைப்படுத்தினார்கள், அது சரியான வேலை. ஆனால் ஒரு கிழமைக்குள் "அரியாலையா?" என்று கேட்டுவிட்டு மருந்துக் கடை வரிசையில் இரண்டடி தள்ளி நிற்கும் நிலை வந்துவிட்டது. தொலைக்காட்சிக் கமரா நோயாளியின் வீட்டுப் படலைவரை போனது. தெற்கில் கடற்படைக்காரரின் குடும்பங்களுக்கும் இதுதான் நடந்தது, ஏப்ரலில் வெலிசறை முகாம் கொத்தணி, அதாவது ஒரே இடத்தில் பலருக்குத் தொற்று, வந்தபோது.

ஒக்டோபரில் மினுவாங்கொடை ஆடைத் தொழிற்சாலைக் கொத்தணி. அதன் தொடர்பு ஒன்று புங்குடுதீவில் வெளிப்பட்டது, முழுத் தீவையும் முடக்கினார்கள். வேலணைக்கும் புங்குடுதீவுக்கும் நடுவில் இருக்கிறது ஒரு தாம்போதிப் பாலம். அதன் இந்தப் பக்கத்தில் நின்று சாமான் லொறிகளைக் கணக்கெடுத்தேன். அந்தப் பக்கத்தில் நான் வருடக்கணக்காகப் பழகின சனம். வாட்ஸ்அப்பில் அந்தத் தொழிலாளப் பிள்ளைகளைப் பற்றி வந்தவற்றை இங்கே எழுத மாட்டேன். நெருக்கியடித்த விடுதியில் படுத்து, மெஷினுக்கு மெஷின் இரண்டடியில் இருந்து தைத்து, நாட்டுக்கு டொலர் கொண்டுவந்த பிள்ளைகள் அவர்கள். நோயைக் கொண்டுவந்தவர்கள் என்று பெயர் வாங்கினார்கள்.

நானும் ஒன்று செய்தேன். தனிமைப்படுத்தல் அறிவித்தல் ஒட்டியிருந்த ஒரு வீட்டைக் கடக்க வேண்டியிருந்தது. எனக்குத் தெரிந்த வீடு. உள்ளே நின்று அந்தத் தங்கச்சி கையைக் காட்டினா. நான் காணாத மாதிரி சைக்கிளை மிதித்துக்கொண்டு போனேன். டிசம்பரில் எங்கள் வீட்டுக் கேற்றில் அதே அறிவித்தலை ஒட்டினார்கள். பதினான்கு நாள். இரண்டாம் நாளே மதிலடியில் ஒரு பை. உள்ளே பாண், முட்டை, ஒரு சீப்பு இதரை வாழைப்பழம். வைத்துவிட்டுப் போனது அதே தங்கச்சி.

2024 ஓகஸ்ட் 9

கேள்விக்கு வருகிறேன். மன்னிப்பு எதற்கு.

2020 ஏப்ரல் 11 அன்று வர்த்தமானி வந்தது. கொரோனாவில் இறந்த எவரையும் எரிக்க வேண்டும். புதைக்கவோ எரிக்கவோ செய்யலாம் என்று உலக சுகாதார அமைப்பு சொல்லியிருந்தது. அதைப் பின்பற்றி எத்தனையோ நாடுகள் புதைத்துக்கொண்டிருந்தன. இங்கேயோ நிலத்தடி நீர் கெட்டுவிடும் என்றார்கள். முஸ்லிம்களுக்கும், புதைக்கும் வழக்கமுள்ள கிறிஸ்தவர்களுக்கும் வேறு வழியே வைக்கவில்லை. டிசம்பரில் பிறந்து இருபதே நாளான குழந்தையையும் பெற்றோர் கேட்கக் கேட்கத் தகனம் செய்தார்கள். கொழும்பு பொரளை மயானத்துக் கேற்றில் சனம் வெள்ளைத் துணி கட்டியது. முஸ்லிம்கள் சவத்தைச் சுற்றும் கபன் துணியின் துண்டுகள். இரவோடிரவாக அவற்றையும் யாரோ அவிழ்த்தார்கள், அடுத்த நாள் இன்னும் கூடக் கட்டினார்கள்.

என்னோடு படித்தவள் ஒருத்தி, சோனகதெருக்காரி. 1990 ஒக்டோபரில் புலிகள் வடக்கு முஸ்லிம்களை வெளியேற்றியபோது புத்தளம் போய், இருபது வருடத்துக்குப் பிறகு திரும்பி வந்தவள். அவளுடைய வாப்பா அந்த டிசம்பரில் கொழும்பு வைத்தியசாலை ஒன்றில் இறந்து போனார். வைத்தியசாலையில் ஒரு தாளில் கையெழுத்து வைக்கச் சொன்னார்கள். பெட்டிக்கு இவ்வளவு காசு என்றும் சொன்னார்கள். அவளுடைய தம்பி கையெழுத்து வைக்க மாட்டேன் என்று வந்துவிட்டான். எரித்துவிட்டார்கள். சாம்பலை வாங்கவும் ஒருவரும் போகவில்லை. "வீட்டையும் ஊரையும் ஒருக்கா எடுத்தாங்கள். அது திரும்பக் கிடைச்சது. இது திரும்பக் கிடையாது" என்று போனில் சொன்னாள். எனக்கு ஒரு பதிலும் வரவில்லை.

2021 பெப்ரவரி 25இல் புதைக்க அனுமதித்து வர்த்தமானி மாறியது, பாகிஸ்தான் பிரதமர் வந்துவிட்டுப் போன அடுத்த நாள். அதற்குள் எரிக்கப்பட்ட முஸ்லிம்கள் 276 பேர். பிறகும் அவரவர் ஊர் மையவாடியில் புதைக்க விடவில்லை. முதலில் தெரிவு செய்த இடம் எது தெரியுமா? இரணைதீவு. கிளிநொச்சிக் கரைக்கு அப்பால் இருக்கும் சின்னத் தீவு. 1992இல் இடம்பெயர்ந்து, போராடி, 2018இல்தான் அந்த மீனவச் சனம் தங்கள் மண்ணுக்குத் திரும்பியிருந்தது. ஒருவரையும் கேட்காமல் அங்கே புதைகுழி வெட்டப் போனார்கள். சனம் மறித்தது. கடல் காப்பாற்றும் என்று எழுதியிருந்தீர்களே, அதே நினைப்புத்தான் இதிலும். வேண்டாத உடலைக் கடலுக்கு அந்தப் பக்கம் தள்ளிவிடலாம் என்ற நினைப்பு. பிறகு மார்ச் 5இல் ஓட்டமாவடி மஜ்மா நகரில் புதைக்கத் தொடங்கினார்கள். ஒரு வருடத்தில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட உடல்கள். கொழும்பில் இறந்தவரையும் கண்டியில் இறந்தவரையும் லொறியில் ஏற்றி மட்டக்களப்பு மாவட்டத்துக்குக் கொண்டுபோக வேண்டும்.

2024 ஓகஸ்ட் 10

"அப்போது விஞ்ஞானிகளுக்கே தெரியாது" என்று இரண்டு பேர் எழுதியிருக்கிறீர்கள். தெரியும். எங்கள் நாட்டுச் சமுதாய மருத்துவர் கல்லூரியும் இலங்கை மருத்துவ சங்கமும் புதைப்பதால் ஆபத்தில்லை என்று அந்த வருட முடிவை ஒட்டியே வெளிப்படையாகச் சொல்லிவிட்டன. முதல் அலையை மறிக்க இதே துறை வைத்தியர்களின் சொல்லைத்தான் அரசாங்கம் கேட்டது. சவம் என்று வந்ததும் கேட்கவில்லை. என் கோபம் முழுக்க இந்த இடத்தில்தான்.

2024 ஓகஸ்ட் 18

கேகாலை மருந்துப் பாணியைப் பற்றி ஏன் எழுதவில்லை என்று கேட்கிறார்கள். 2020 டிசம்பரில் ஒருவர் காளியம்மன் சொன்னதென்று கொரோனாவுக்கு மருந்தாக ஒரு பாணி காய்ச்சினார். கட்டுப்பாடு பார்க்காமல் ஆயிரக்கணக்கில் சனம் வரிசையில் நின்றது. அரசியல்வாதிகளும் குடித்துப் படம் எடுத்தார்கள். அந்தச் சனத்தைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. என் அம்மாவும் அந்த மாதம் முழுக்க மல்லித் தண்ணி வைத்தா. பயந்தவன் கையில் கிடைப்பதைப் பிடிப்பான். சுகாதாரத்துக்குப் பொறுப்பானவர்களே ஒரு நாள் முகக்கவசம் போடு என்றும் அடுத்த நாள் நோய் போகுமென்று ஆற்றில் மண்முட்டி விட்டும் காட்டினால், கிராமத்தில் ஊசியைப் பற்றி விளங்கப்படுத்த வேண்டிய மிட்வைஃபின் வேலை இரட்டிப்பாகிறது. "மேல உள்ளவையே பாணி குடிக்கினம், நீங்கள் ஏன் ஊசி எண்டுறியள்?" என்று கேட்ட வீட்டுக்கு நானும் அவவோடு போயிருக்கிறேன்.

2024 ஓகஸ்ட் 25

இதை எழுத ஒரு கிழமை எடுத்தது.

இருநூறு சாவு என்று கேள்வியில் இருந்தது 2020இன் கணக்கு. 2021 ஓகஸ்டில் ஒரே நாளில் இருநூறுக்கும் மேல். டெல்டா வந்துவிட்டது, வைத்தியர் சங்கங்கள் நாட்டைப் பூட்டச் சொல்லிக் கெஞ்சின, பொருளாதாரம் தாங்காது என்று மேலே மறுத்தார்கள். பௌத்த மகாநாயக்க தேரர்களும் கடிதம் எழுதிய பிறகு ஓகஸ்ட் 20 இரவு பூட்டினார்கள். திறந்தது ஒக்டோபர் 1. இடையில் ஒட்சிசன் போதாமல் இந்தியாவிடம் கேட்டு, கப்பலில் 100 தொன் வந்தது. கடல் காப்பாற்றிய நாள் ஒன்று உண்டென்றால் அது அந்தக் கப்பல் கொழும்புத் துறைமுகத்துக்கு வந்த நாள். கடைசிக் கணக்கில் கிட்டத்தட்ட 16,900 பேர்.

அதில் ஒருவர் என் சித்தப்பா. ஊசி ஒன்று போட்டிருந்தார், இரண்டாவதுக்கு நாள் வரவில்லை. ஒன்பது நாள் வைத்தியசாலையில். எங்களைப் பார்க்க விடவில்லை, விட முடியாது என்று எனக்கும் தெரியும். கோம்பயன்மணல் மயானத்தில் அந்த நாட்களில் வரிசை. மூன்றாம் நாள் எரித்தார்கள். எங்கள் வழக்கமும் எரிப்பதுதான். யாரும் எங்களிடமிருந்து ஒன்றையும் பறிக்கவில்லை. ஆனாலும் சித்தி வாய்க்கரிசி போடவில்லை. மூத்தவன் குடம் சுமந்து சுற்றிவரவில்லை, தூரத்தில் பாதுகாப்பு உடையோடு நின்றான். சித்தி இன்றைக்கும் கேட்பா: "அது அவர்தானெண்டு ஆர் பார்த்தது?"

சித்தி கேட்கக் கேட்கத்தான் என் சிநேகிதி போனில் சொன்னது எனக்கு முழுதாக விளங்கியது. எங்களுக்குச் சடங்கில் பாதி இல்லாமல் போனது இவ்வளவு நோகிறது. அவளுக்கு நடந்தது நேர்மாறான சடங்கு. 2020 டிசம்பரில் நான் அவளோடு கதைத்துவிட்டு, பாவம் என்று நினைத்துவிட்டு, சமைக்கப் போனேன். அந்த வெள்ளைத் துணியில் ஒரு துண்டு எங்கள் ஊரிலும் கட்டியிருக்கலாம். கட்டவில்லை.

2024 செப்டம்பர் 2

முதல் குறிப்பில் பி.எச்.ஐ மாரையும் மிட்வைஃப்மாரையும் பற்றி எழுதியதைத் திரும்ப வாசித்தேன். ஒரு சொல்லையும் மாற்ற மாட்டேன், தடுப்பூசியைச் சேர்க்கிறேன். 2021 ஜனவரி 29இல் தொடங்கியது, இந்தியா தந்த 5 இலட்சம் கோவிஷீல்டில். பிறகு இந்தியாவில் நிலைமை மோசமாகி ஏற்றுமதி நின்றது. முதல் ஊசி போட்ட இலட்சக்கணக்கானோர் இரண்டாவதுக்கு மாதக்கணக்கில் காத்திருந்தார்கள், ஜப்பான் அனுப்பும்வரை. மற்றவர்களுக்குச் சீனாவின் சைனோபாம். யாழ்ப்பாணத்துக்கு மே 30 அளவில் முதல் 50,000 வந்தபோது எந்தக் கிராமத்துக்கு முதலில் என்று பெரிய இழுபறி. ஆனால் மருந்து தாராளமாக வரத் தொடங்கியதும் நடந்த வேகத்தை நான் கண்ணால் கண்டேன். பாடசாலை மண்டபம், நாலு மேசை, ஒரு குளிர்ப்பெட்டி, பெயர் கூப்பிட மிட்வைஃப். கட்டிலோடு கிடந்த ஆச்சிமாருக்கு வீட்டுக்கே போய்ப் போட்டார்கள். சின்ன வயதில் போலியோ சொட்டு விட்ட அதே கை என்று நம்பித்தான் சனம் கையை நீட்டியது.

டொலர் நெருக்கடிக்கு கொரோனாதான் காரணமா என்று கேட்டவருக்கு: ஒரு பங்கு. 2018இல் 23 இலட்சம் சுற்றுலாப் பயணிகள் வந்த நாட்டுக்கு 2021இல் 2 இலட்சம்கூட வரவில்லை. ஆனால் 2019 இறுதியில் வரியைக் குறைத்ததும் 2021இல் இரசாயனப் பசளையைத் தடை செய்ததும் கிருமியின் வேலை இல்லை. இதைத் தனியாகக் கதைப்போம். 5,000 கொடுத்த அரசாங்கம் 2021 முடக்கத்தில் 2,000 கொடுத்தது. அந்தப் பட்டியலோடும் நான்தான் போனேன்.

2024 செப்டம்பர் 8

அமைச்சரவைத் தீர்மானம் வந்த அன்று சிநேகிதிக்குப் போன் எடுத்தேனா என்று ஒருவர் கேட்டிருந்தார். எடுத்தேன். செய்தியை வாசித்துக் காட்டினேன். "வாப்பாட பேர் அதில இருக்கா?" என்றாள். பெயர்கள் இல்லை என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, தன் மாமி 2021 யூலையில் மோசம்போய் ஓட்டமாவடியில் கிடக்கிறா, இலக்கம் போட்ட கபுறு, ஒருமுறைதான் போய்ப் பார்க்கக் கிடைத்தது, நீயும் வாறியா என்று கேட்டாள்.

தேர்தல் முடிந்த கிழமை போகிறோம். யாழ்ப்பாணத்திலிருந்து காலை பஸ், வாழைச்சேனையில் இறங்கி ஆட்டோ. கபுறு இலக்கம் எழுதிய துண்டு அவளிடம் இருக்கிறது.